வீட்டு ஹை-ஃபை அமைப்பில் டிஜிட்டல் வடிகட்டலை எந்த இடத்தில் செய்வது?

பாளைப்_பட்டாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் பழைய வீட்டுப் பட்டாசலில் (கூடத்தில்) இசை கேட்பதற்கென ஓர் அமைப்பை வைத்திருக்கிறேன். அறையின் நீளம் 5.4 மீட்டர், அகலம் 3.3 மீட்டர், உயரம் 3.2 மீட்டர். கனத்த செங்கல் சுவர், சிவப்பு சிமெண்டுத் தரை, மேலே தட்டட்டி. கம்பளமோ கனமான திரைச்சீலையோ கிடையாது. பாடல்கள் ராஸ்பெர்ரி பை கணினியிலிருந்து யூஎஸ்பி வழியாக டேக்குக்கு, அதாவது எண்களாக உள்ள இசையை மின்னலையாக மாற்றும் கருவிக்கு, வருகின்றன. தொலைக்காட்சியின் ஒலி ஆப்டிகல் கம்பி மூலம் அதே டேக்கின் இன்னொரு உள்ளீட்டுக்கு வருகிறது. ரெக்கார்டு பிளேயர் நேராக ஆம்ப்ளிஃபயருக்குச் செல்கிறது. ஆம்ப்ளிஃபயரோடு இரண்டு சிறிய ஸ்பீக்கர்களையும் ஒரு சப்வூஃபரையும் இணைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் சில சுரங்களைத் தொடும்போது மட்டும் அறை முழுவதும் முழங்குகிறது. அடுத்த சுரத்துக்கு நகர்ந்ததும் ஒலி மெலிந்துவிடுகிறது. வில்லுப்பாட்டுப் பதிவுகளில் குடத்தின் ஒவ்வோர் அடியும் நீண்டு அடுத்த அடியின் மேல் விழுவதால், பாட்டின் சொற்கள் அதற்குள் மூழ்கிப்போகின்றன. ஒலியின் சில அதிர்வெண்களை மட்டும் கணக்கிட்டுக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் டிஜிட்டல் வடிகட்டிகளால் இதைச் சரிசெய்யலாம் என்று படித்தேன். ஆனால் அவற்றை வைப்பதற்கு என் அமைப்பிலேயே பல இடங்கள் இருக்கின்றன. பையின் மென்பொருளில் ஈக்வலைசரும் மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை அளவெண்கள் என்பதை) உயர்த்தும் வசதியும் உள்ளன. டேக்கில் ஏழு வடிகட்டித் தேர்வுகள் உள்ளன. ஆம்ப்ளிஃபயர் தானே மைக் வைத்து அறைத் திருத்தம் செய்யும் வகையைச் சேர்ந்தது. இவை போதாதென்று, தனியாக ஒரு டிஎஸ்பி பெட்டி (ஒலியை எண்களாகவே கணக்கிட்டுத் திருத்தும் கருவி) வாங்குமாறு கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை. எந்த வேலையை எங்கே செய்ய வேண்டும், ஏன் அங்கே செய்ய வேண்டும் என்பதைக் காரணத்தோடு அறிய விரும்புகிறேன்.

அம்பை_இயற்பியல் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதல் வேலை, எண்களாக இருக்கும் இசையை மீண்டும் தொடர்ச்சியான மின்னலையாக மாற்றுவது. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் உள்ளன. அவற்றைக்கொண்டு 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளைக் குறிக்க முடியும். அந்த மாதிரிகளை அப்படியே மின்னழுத்தப் படிகளாக வெளியிட்டால் இசையோடு அதன் பிம்பங்களும் (மூலத்தில் இல்லாத உயர் அதிர்வெண் நகல்களும்) வெளிவரும். 20,000 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி இருந்தால் அதன் பிம்பம் 24,100 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அந்தப் பிம்பங்களை நீக்குவதுதான் டேக்கில் உள்ள வடிகட்டியின் கடமை. 1982-இல் வந்த சோனியின் சிடிபி-101 இதை மிகச் செங்குத்தான அனலாக் வடிகட்டியால் செய்தது. அதே தலைமுறையில் பிலிப்ஸ், 14 பிட் டேக்கை வைத்துக்கொண்டே, மாதிரி வீதத்தை நான்கு மடங்காக்கி 176.4 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, வடிகட்டலின் பெரும்பகுதியை எண்களிலேயே முடித்துவிட்டு, அனலாக் பக்கத்தில் மென்மையான வடிகட்டி ஒன்றை மட்டும் விட்டது. இன்றைய டேக் சிப்கள் பெரும்பாலும் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. எட்டு மடங்கு உயர்த்துவது வழக்கம். உங்கள் டேக்கின் ஏழு தேர்வுகளும் இந்த ஒரு வேலையைச் செய்யும் ஏழு விதங்கள். 20,000 ஹெர்ட்ஸை ஒட்டி எவ்வளவு செங்குத்தாக இறங்குவது, அதனால் எழும் அதிர்வை ஒலியின் முன்னும் பின்னும் பகிர்வதா, பின்னால் மட்டும் தள்ளுவதா என்பவற்றில்தான் அவை வேறுபடுகின்றன. உங்கள் பேஸ் கிட்டார் முழக்கத்துக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டாவது வேலை அறையைச் சார்ந்தது. 30 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையில் அரை அலைநீளம் பொருந்தும் அதிர்வெண்ணில் நிலை அலை உருவாகும். ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். உங்கள் பட்டாசலின் நீளத்துக்கு அது 32.3 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 52.9, உயரத்துக்கு 54.5. அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இரண்டு நிலை அலைகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் சேர்ந்துகொள்கின்றன. பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தி அதிர்வது 55 ஹெர்ட்ஸில். அந்தச் சுரமும் அதற்குப் பக்கத்துச் சுரமும் மட்டும் ஏன் முழங்குகின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே என் பரிந்துரை இது. முதல் வேலையை டேக்கிடமே விட்டுவிடுங்கள். அது அங்கேதான் நடந்தாக வேண்டும். அந்தச் சிப்பை வடிவமைத்தவர்கள் அதற்கு ஏற்ற அனலாக் பகுதியையும் சேர்த்தே திட்டமிட்டிருப்பார்கள். இரண்டாவது வேலையை, உங்கள் ஒலி மூலங்கள் எல்லாம் வந்து சேரும் பொது இடத்தில், டேக்குக்கு முன்னால், ஒரே ஒருமுறை செய்யுங்கள். ஆற்றுத் தண்ணீரை ஊரின் மேல்நிலைத் தொட்டியில் ஒருமுறை சுத்திகரித்தால் எல்லாக் குழாயிலும் நல்ல தண்ணீர் வரும். குழாய்தோறும் தனித்தனியாகச் சுத்திகரிக்கத் தேவையில்லை.

தச்சநல்லூர்_மின்பணி எழுதியது:

அம்பை ஐயா சொன்ன பிரிவினையை முழுமையாக ஏற்கிறேன். பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் பொது இடம் எது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ராஸ்பெர்ரி பையில் வடிகட்டியை வைத்தால் அதன் வழியாக வரும் பாடல்கள் மட்டுமே திருத்தப்படும். தொலைக்காட்சியும் ரெக்கார்டு பிளேயரும் முன்போலவே முழங்கும். ஆப்டிகல் உள்ளீடு கொண்ட ஒரு கூடுதல் பலகையைப் பையில் பொருத்தித் தொலைக்காட்சியையும் அதன் வழியாக அனுப்பலாம். ஆனால் அப்போது தொலைக்காட்சியின் கடிகாரமும் டேக்கின் கடிகாரமும் வேறுவேறாகி, இடையில் மாதிரி வீதத்தைத் தொடர்ந்து சிறிது சிறிதாகச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். மென்பொருளால் அது முடியும். ஆனால் வீட்டில் உள்ள அனைவரும் பொத்தானை அழுத்தியதும் ஒலி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள் அல்லவா? மின்சாரம் திடீரென்று நின்று வரும்போது பையின் நினைவக அட்டை பழுதாகி என்னிடம் வந்த கருவிகள் பல. இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறும் அந்த நொடியில் சில கருவிகள் அணைந்து எழுகின்றன.

ஆம்ப்ளிஃபயரில் உள்ள அறைத் திருத்தத்தைப் பற்றியும் ஒரு செய்தி. உங்கள் டேக்கிலிருந்து வரும் அனலாக் ஒலியை அது மீண்டும் எண்களாக மாற்றி, கணக்கிட்டு, இன்னொருமுறை தன் சொந்த டேக்கால் அனலாக்காக மாற்றும். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டேக்கின் வடிகட்டிக்குப் பிறகு, ஆம்ப்ளிஃபயரின் உள்வாயில் ஒரு வடிகட்டியையும் அதன் டேக்கில் ஒரு வடிகட்டியையும் ஒலி கடக்கிறது. இறுதியில் ஸ்பீக்கருக்குப் போவது ஆம்ப்ளிஃபயரின் டேக் தந்த ஒலிதான். அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் தனி டேக் தேவையே இல்லை. பையையும் தொலைக்காட்சியையும் ஆம்ப்ளிஃபயரின் டிஜிட்டல் உள்ளீடுகளிலேயே நேராக இணைத்துவிடலாம். அதுவும் ஒரு நேர்மையான தீர்வுதான். தனி டேக்கும் வேண்டும், அறைத் திருத்தமும் வேண்டும் என்றால் ஆம்ப்ளிஃபயரை அதன் திருத்தங்கள் எதுவும் இயங்காத நேரடி நிலையில் வைத்துவிட்டு, டேக்குக்கு முன்னால் ஒரு டிஎஸ்பி பெட்டியை வையுங்கள். வாங்கும்போது அந்தப் பெட்டியில் டிஜிட்டல் வெளியீடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல பெட்டிகளில் அனலாக் வெளியீடு மட்டுமே இருக்கும். அவற்றுக்குள்ளேயே ஒரு டேக் இருக்கிறது.

நேரடி நிலைக்கு மாற்றினால் சில ஆம்ப்ளிஃபயர்களில் சப்வூஃபர் வெளியீடு நின்றுவிடும். உங்கள் சப்வூஃபர் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது?

பாளைப்_பட்டாசல் எழுதியது:

ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே தனிக் கம்பி எடுத்து இணைத்திருக்கிறேன், அண்ணாச்சி. ஆகவே நேரடி நிலையிலும் அது இயங்கும்.

வள்ளியூர்க்_காற்று எழுதியது:

கணினியில் செய்வதற்கு எதிராக இவ்வளவு விரைவாகத் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வடிகட்டியின் தரம் அதற்குக் கிடைக்கும் கணக்கிடும் ஆற்றலைப் பொறுத்தது. எஃப்ஐஆர் என்பது, அடுத்தடுத்த மாதிரிகளைக் குணகங்கள் எனும் எண்களால் பெருக்கிக் கூட்டும் வடிகட்டி வகை. அதில், மாதிரி வீதத்தைக் குணகங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அதன் பகுதிறன் (எவ்வளவு நெருங்கிய அதிர்வெண்களைப் பிரித்துக் கையாள முடியும் என்ற அளவு) கிடைக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் 1,024 குணகங்கள் கொண்ட ஒரு வடிகட்டியின் பகுதிறன் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ். 53 ஹெர்ட்ஸில் உள்ள குறுகிய மேட்டை அதனால் தனியாகப் பிடிக்கவே முடியாது. கணினியில் 65,536 குணகங்களைத் தாராளமாக வைக்கலாம், 44.1 கிலோஹெர்ட்ஸில் அதன் பகுதிறன் 0.67 ஹெர்ட்ஸ். கமில்லா டிஎஸ்பி போன்ற கட்டற்ற மென்பொருளைப் பையில் நிறுவினால் இந்தக் கணக்கை அது எளிதாகச் செய்துவிடுகிறது.

முதல் வேலையையும் டேக்கிடமே விட வேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. நான் பயன்படுத்துவது மின்தடை ஏணி வகை டேக். அதில் மாதிரி வீதத்தை உயர்த்தும் வடிகட்டியே கிடையாது. 44.1 கிலோஹெர்ட்ஸை அப்படியே கொடுத்தால் 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3.2 டெசிபெல் இறங்கிவிடும். பிம்பங்களும் அப்படியே வெளியேறும். கணினியில் 176.4 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்திக் கொடுக்கும்போது அந்த இறக்கம் 0.2 டெசிபெல்லுக்கும் குறைவாகிறது; பிம்பங்கள் காதுக்குக் கேட்கும் எல்லைக்கு வெகு தொலைவில் போய்விடுகின்றன. நாதஸ்வரத்தின் மேல்தாயிச் சுரங்களில் அந்த வேறுபாடு எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

அம்பை_இயற்பியல் எழுதியது:

வள்ளியூர் நண்பரின் டேக்கில் அந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை. ஆகவே அவர் அதைக் கணினிக்குக் கொண்டுசென்றது சரிதான். அந்த வேலை எங்கேனும் ஓர் இடத்தில் முழுமையாக நடக்க வேண்டும் என்பதே என் கருத்தும். பாளைத் தம்பியின் டேக்கில் எட்டு மடங்கு உயர்த்தும் வடிகட்டி உள்ளே இருக்கிறது. அதற்கு முன்னால் கணினியிலும் உயர்த்தினால் தவறில்லை. கணினியின் வடிகட்டி முதலில் 20,000 ஹெர்ட்ஸை ஒட்டிய செங்குத்தான பகுதியைக் கவனித்துவிடும், டேக்கின் வடிகட்டிக்கு வேலை குறையும். ஆனால் நிறைவாக வேலை செய்யும் ஒரு வடிகட்டியை விலக்கி இன்னொன்றை வைப்பதால் 53 ஹெர்ட்ஸ் முழக்கம் ஒரு துளியும் குறையாது. முதலில் அறையைக் கவனிக்க வேண்டும்.

குணகங்களின் கணக்கு சரியானது. ஆனால் அறையின் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு எஃப்ஐஆர் தேவைப்படுவதே அரிது. ஒரு நிலை அலை என்பது ஓர் ஒத்ததிர்வு. தூண்டல் நின்ற பிறகும் அது சிறிது நேரம் ஒலித்துத் தேய்கிறது. அதற்கு நேர் எதிரான வடிவம் கொண்ட ஒரு பைகுவாட் வடிகட்டியை (ஓர் அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் ஏற்றவோ இறக்கவோ வைக்கக்கூடிய சிறிய வடிகட்டியை) அதே அதிர்வெண்ணில், அதே அகலத்தில், அதே ஆழத்தில் வைத்தால், வீச்சில் இருந்த மேடும் குறைகிறது, காலத்தில் இருந்த வாலும் சேர்ந்தே குறைகிறது. தனியாக நிற்கும் ஒரு நிலை அலைக்கு இது நன்றாகப் பொருந்தும். குடத்தின் அடி நீண்டு ஒலிப்பதற்கு இதுவே மருந்து. பைகுவாட்டுக்கு ஐந்து குணகங்களே போதும்; எளிய பெட்டியாலும் அதைச் செய்ய முடியும்.

எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதிக்கும் லீனியர் ஃபேஸ் வகையில் 65,536 குணகங்களை வைத்தால் இன்னொரு விலையும் உண்டு. அத்தகைய வடிகட்டியின் தாமதம் அதன் நீளத்தில் பாதி. 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 0.74 நொடி. பாட்டுக்கு அது பொருட்டில்லை. செய்தி வாசிப்பவரின் உதடு அசைந்து முக்கால் நொடி கழித்துச் சொல் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். மேலும், 53 ஹெர்ட்ஸில் குறுகலான திருத்தத்தை லீனியர் ஃபேஸில் செய்தால் அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய அதிர்வு எழும். 22,000 ஹெர்ட்ஸில் எழும் முன் அதிர்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம். அது காதுக்கு எட்டாத எல்லையில் இருக்கிறது. இதுவோ கேட்கும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

வடிகட்டியின் அகலத்தை எப்படி முடிவு செய்வது என்று பலர் கேட்பதுண்டு. ஓர் ஒத்ததிர்வு 60 டெசிபெல் தேய எடுக்கும் நேரத்தால் 2.2 என்ற எண்ணை வகுத்தால் அதன் அகலம் ஹெர்ட்ஸில் கிடைக்கும். அந்த நேரம் 0.6 நொடி என்றால் அகலம் ஏறத்தாழ 3.7 ஹெர்ட்ஸ். இங்கே நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அறை 24 பாகையில் இருக்கும் மார்கழி அதிகாலையில் உங்கள் அகல நிலை அலை 52.4 ஹெர்ட்ஸில் இருக்கும். 36 பாகையில் புழுங்கும் சித்திரை மாலையில் அதுவே 53.4 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். 3.7 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒன்றுக்கு 1 ஹெர்ட்ஸ் நகர்வு சிறியதல்ல. ஆகவே மிகக் குறுகலான, மிக ஆழமான வடிகட்டியை வைக்காதீர்கள். சற்று அகலமாக, மேட்டின் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் வைத்தால் எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும்.

கல்லிடை_வாசகி எழுதியது:

இந்த விவாதத்தைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள். எங்கள் வீட்டில் காருக்குறிச்சி அருணாசலம் அவர்களின் நாதஸ்வர இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவர் பிறந்த காருக்குறிச்சி எங்கள் கல்லிடைக்குறிச்சிக்கு அருகிலேயே இருப்பதால் அவை எங்களுக்கு வெறும் இசைத்தட்டுகள் அல்ல. அவற்றின் ஒலியை டிஎஸ்பி பெட்டிக்குள் அனுப்பி எண்களாக மாற்றினால், இசைத்தட்டைக் கேட்பதன் பொருளே போய்விடாதா? இரண்டாவது, ஈக்வலைசரில் எதையும் கூட்டாமல் குறைக்க மட்டுமே செய்தபோதும் சில புதிய பாடல்களின் உச்சத்தில் ஒரு கரகரப்பு எழுவதை என் அமைப்பில் கேட்கிறேன். குறைத்த பிறகு ஒலி எப்படி எல்லையைத் தாண்டி வழியும்?

வள்ளியூர்க்_காற்று எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன், அக்கா. மாதிரிகள் எல்லைக்குள் இருந்தாலும் அவற்றுக்கு இடையில் எழும் உண்மையான அலை எல்லையைத் தாண்டலாம். மாதிரி வீதத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 11,025 ஹெர்ட்ஸில் ஒரு சைன் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரிகள் எல்லாம் அலையின் உச்சியில் விழாமல் 45 பாகை தள்ளி விழுந்தால், ஒவ்வொரு மாதிரியின் அளவும் உண்மை உச்சத்தில் 0.707 பங்குதான். அந்த மாதிரிகளை எல்லை வரை உயர்த்திப் பதிவு செய்திருந்தால் உண்மை உச்சம் எல்லைக்கு 3 டெசிபெல் மேலே நிற்கும். டேக்கின் வடிகட்டி மாதிரி வீதத்தை உயர்த்தும்போது இடைப்பட்ட அந்த உச்சத்தைக் கணக்கிட முயல்கிறது. உள்ளே இடம் இல்லையென்றால் அது வெட்டப்படுகிறது. உரத்த ஒலிக்காக நெருக்கிப் பதிவு செய்யப்பட்ட பாடல்களில் இது அடிக்கடி நடக்கும். அதோடு, ஈக்வலைசர் ஓர் அதிர்வெண்ணைக் குறைக்கும்போது மற்ற அதிர்வெண்களின் கட்டம் (அலை ஏறி இறங்கும் நேரம்) சிறிது மாறுவதால், முன்பு ஒன்றையொன்று தாழ்த்திக்கொண்டிருந்த அலைகள் சேர்ந்து உச்சம் கூடுவதும் உண்டு.

தீர்வு எளிது. வடிகட்டல் தொடங்கும் இடத்திலேயே ஒலியளவை 4 டெசிபெல் குறைத்துவிடுங்கள். வெளியீடு 24 பிட்டாக இருக்கட்டும். 24 பிட்டின் கணக்குப்படியான எல்லை 144 டெசிபெல். நல்ல டேக்குகளின் உண்மையான எல்லை 120 டெசிபெல்லை ஒட்டியது. ஆகவே 4 டெசிபெல்லைக் குறைப்பதால் இசையில் எதுவும் இழக்கப்படாது. டேக்கின் ஏழு தேர்வுகளில் எது சிறந்தது என்று தேடுவதைவிட இந்த 4 டெசிபெல் பெரும் பயன் தரும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அறைத் திருத்தத்தை டேக்குக்கு முன்னால் வைக்க வேண்டும் என்ற அம்பை ஐயாவின் கருத்துக்கு இது இன்னொரு காரணமும் ஆகிறது: அங்கே குறைத்தால் டேக்கின் வடிகட்டிக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

தச்சநல்லூர்_மின்பணி எழுதியது:

முதல் ஐயத்துக்கு என் விடை. இசைத்தட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 60 முதல் 70 டெசிபெல் வரைதான். 24 பிட்டில், 96 கிலோஹெர்ட்ஸில் எண்களாக மாற்றும் ஒரு நல்ல கருவியின் இரைச்சல் அதற்கு வெகு கீழே கிடக்கிறது. தட்டில் இருக்கும் எதுவும், அதன் கீறல் ஒலி உட்பட, அந்த மாற்றத்தில் தொலைந்துபோகாது. மாறாக, ஒரு நன்மை கிடைக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டு வளைந்திருந்தால் அந்த வளைவு 0.56 ஹெர்ட்ஸில் ஊசியைத் தூக்கி இறக்கும். ஊசிக் கையின் சொந்த ஒத்ததிர்வு பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸில் இருக்கும். நம் வெயிலில் வளையாத பழைய தட்டு அரிது. இந்தத் தாழ்ந்த அசைவுகள் காதுக்குக் கேட்காவிட்டாலும் சப்வூஃபரின் கூம்பை முன்னும் பின்னும் தள்ளி ஆம்ப்ளிஃபயரின் ஆற்றலை விழுங்குகின்றன. டிஎஸ்பி பெட்டியில் இசைத்தட்டுக்கென ஒரு தனி அமைப்பைச் சேமித்து, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியை அதில் மட்டும் சேர்த்துவிடுங்கள். காருக்குறிச்சியாரின் வாசிப்பில் ஒரு துளியும் குறையாது. தவிலின் ஒலி இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் இசைத்தட்டை மட்டும் நேராக ஆம்ப்ளிஃபயருக்கு விட்டுவிடுங்கள், அம்மா. ஆனால் அறையின் முழக்கம் அதற்கும் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாளைப்_பட்டாசல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளையும் நண்பர் ஒருவரின் அளவு திருத்தப்பட்ட யூஎஸ்பி மைக்கையும் கொண்டு அறையை அளந்தேன். மின்விசிறி ஓடும்போது தாழ்ந்த அதிர்வெண்களில் அளவீடு நம்பத்தக்கதாக இல்லை. விசிறியை நிறுத்தி, தெருவில் வண்டி ஓட்டம் அடங்கிய பிறகுதான் தெளிவான கோடு கிடைத்தது. ஆனி மாதக் காற்று சன்னல் கதவுகளை ஆட்டிக்கொண்டிருந்ததால் அவற்றையும் தாழிட வேண்டியிருந்தது. சன்னல் திறந்திருக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்களின் கோடு வேறாகவும் மூடியிருக்கும்போது வேறாகவும் இருப்பதைப் பார்த்தேன். நான் வழக்கமாகக் கேட்பது சன்னலை மூடிவைத்துத்தான் என்பதால் அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டேன்.

அம்பை ஐயா கணக்கிட்டுச் சொன்னபடியே 53 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பெரிய மேடு இருக்கிறது. 32 ஹெர்ட்ஸில் சிறிய மேடு ஒன்று உண்டு. 70 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஒரு பள்ளமும் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை வடிகட்டியால் தூக்கி நிரப்பலாமா?

அம்பை_இயற்பியல் எழுதியது:

நிரப்ப வேண்டாம், தம்பி. நேரடி ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில்தான் இப்படிப்பட்ட பள்ளம் பெரும்பாலும் விழுகிறது. நீங்கள் ஒலியைக் கூட்டினால் திரும்பி வரும் ஒலியும் அதே அளவில் கூடி மீண்டும் அழித்துவிடும். 10 டெசிபெல் தூக்குவதற்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு ஆற்றல் தர வேண்டும். அவ்வளவும் வீணாகும், ஸ்பீக்கர் கூம்புக்கும் கேடு. சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்துச் சுவரோரமாக வேறு இடங்களில் வைத்து அளந்து பாருங்கள். மேடுகளைக் குறைப்பது வடிகட்டியின் வேலை. பள்ளங்களை இட மாற்றத்தால்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே முதலில் இடத்தை மாற்றுங்கள். மாற்றிய பிறகு மீண்டும் அளந்து, அதற்குப் பின்னரே வடிகட்டியை அமையுங்கள்.

மைக்கை ஒரே புள்ளியில் வைக்காமல், நீங்களும் வீட்டாரும் அமரும் இடங்களைச் சுற்றிப் பல புள்ளிகளில் வைத்து அளந்து சராசரியை எடுங்கள். 300 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் திருத்த வேண்டாம். அங்கே அலைநீளம் சிறியதாகிவிடுவதால் தலையைச் சிறிது திருப்பினாலே கோடு மாறிவிடும்; ஒரு புள்ளிக்குச் செய்த திருத்தம் பக்கத்து நாற்காலிக்குக் கெடுதலாக முடியும்.

பாளைப்_பட்டாசல் எழுதியது:

சப்வூஃபரை மூலையிலிருந்து பக்கச் சுவரின் நடுப்பகுதிக்கு நகர்த்தியதும் 70 ஹெர்ட்ஸ் பள்ளம் பெருமளவு நிரம்பிவிட்டது. 53 ஹெர்ட்ஸ் மேடும் தாழ்ந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. டிஜிட்டல் வெளியீடும் அனலாக் உள்ளீடும் உள்ள ஒரு டிஎஸ்பி பெட்டியை வாங்கி, பை, தொலைக்காட்சி, ரெக்கார்டு பிளேயர் மூன்றையும் அதில் இணைத்து, அதிலிருந்து டேக்குக்கும் டேக்கிலிருந்து நேரடி நிலையில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கும் கொண்டுசென்றிருக்கிறேன். பையில் ஈக்வலைசரையும் மாதிரி வீத உயர்த்தலையும் அணைத்துவிட்டேன். பெட்டியில் இரண்டு பைகுவாட் வடிகட்டிகள் மட்டுமே இயங்குகின்றன: 53 ஹெர்ட்ஸில் 7 டெசிபெல் இறக்கம், 32 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் இறக்கம். அவற்றுக்கு முன்னால் 4 டெசிபெல் பொதுக் குறைப்பு. ஒலியளவை ஆம்ப்ளிஃபயரின் குமிழியிலேயே மாற்றுகிறேன்.

வில்லுப்பாட்டில் குடத்தின் அடி இப்போது விழுந்த இடத்திலேயே நிற்கிறது. கதை சொல்பவரின் சொல்லும் பின்பாட்டுக்காரர்களின் ஆமாப் போடுதலும் தனித்தனியாகக் கேட்கின்றன. டேக்கின் ஏழு தேர்வுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இந்த அறையில் அவற்றுக்கு இடையே என்னால் உறுதியாக வேறுபாடு சொல்ல இயலவில்லை. ஆகவே 20,000 ஹெர்ட்ஸ் வரை சமமாக இருக்கும் செங்குத்தான தேர்விலேயே விட்டுவிட்டேன்.

வள்ளியூர்க்_காற்று எழுதியது:

நல்ல முடிவு. என் ஏணி டேக்கில் உயர்த்தலைக் கணினியிலேயே தொடர்வேன். ஆனால் அறைத் திருத்தத்தை நீளமான எஃப்ஐஆரிலிருந்து பைகுவாட்டுக்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன். தொலைக்காட்சிக்கென்று நான் இதுவரை அதை அணைத்துவைக்க வேண்டியிருந்தது.

தச்சநல்லூர்_மின்பணி எழுதியது:

பெட்டியில் ஒரு சேமிப்பிடத்தை வடிகட்டி எதுவும் இல்லாமல், அந்த 4 டெசிபெல் குறைப்பை மட்டும் வைத்து விட்டுவையுங்கள், தம்பி. இரண்டும் ஒரே ஒலியளவில் இருந்தால்தான் திருத்தத்தோடும் திருத்தம் இல்லாமலும் நேர்மையாக ஒப்பிட முடியும். சப்வூஃபரையோ சோபாவையோ நகர்த்திய பிறகு மீண்டும் அளப்பதற்கும் அதுவே தொடக்கமாக அமையும்.